டியூப் மூடிக்கு எத்தனை வேலை!

நாளைக் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்து பாருங்கள், கண்ணுகளா. பேஸ்ட் டியூபின் மூடியைத் திறந்து, வாய் கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடியுங்கள். பத்து வரை எண்ணுங்கள். ஒன்றும் விழாது. தண்ணீர் பாட்டிலை இப்படிப் பிடித்தால் பாத்ரூம் முழுக்க ஈரம். தேன் பாட்டிலைப் பிடித்தால் மெதுவாகவாவது வழிந்து வந்துவிடும். பேஸ்ட் மட்டும் ஏன் உள்ளேயே நிற்கிறது?

“அது கெட்டியா இருக்குதுங்க” என்பீர்கள். தேனும் கெட்டிதானே? ஆனால் தேனை எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அது நகரும், வேகம்தான் குறையும். பேஸ்ட் வேறு ஜாதி. ஓர் அளவு அழுத்தம் வரைக்கும் அது திடப்பொருளாகவே நடந்துகொள்ளும். அந்த அளவைத் தாண்டி அமுக்கினால்தான் குழைந்து ஓடத் தொடங்கும். அமுக்குவதை நிறுத்தினால் மறுபடி இறுகி நின்றுவிடும்.

பேஸ்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பல்லைத் தேய்ப்பதற்கான மிகப் பொடியான துகள்கள், ஈரம் காயாமல் இருக்க கிளிசரின் அல்லது சார்பிட்டால், தண்ணீர், கூடவே கொஞ்சம் பசைப்பொருள். இந்தப் பசையின் மூலக்கூறுகள் நீளநீளமானவை. அவையும் துகள்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பேஸ்ட் முழுவதும் ஒரு வலை பின்னி வைத்திருக்கின்றன. நீங்கள் டியூபை அமுக்கும்போது வலை அறுபடுகிறது. கையை எடுத்ததும் திரும்பப் பின்னிக்கொள்கிறது. பிரஷ் மேல் வைத்த பேஸ்ட் இழைகளுக்குள் இறங்கி ஓடிவிடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பது இந்த வலையால்தான். இப்படி ‘அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும்’ பொருட்களை ஆராய்ந்தவர் யூஜீன் பிங்காம் என்ற அமெரிக்க வேதியியலாளர். அவர் பெயராலேயே இவற்றைப் பிங்காம் பொருட்கள் என்கிறார்கள். பொருட்கள் எப்படி ஓடுகின்றன, எப்படி உருக்குலைகின்றன என்று படிக்கும் துறைக்கு 1920-ல் ‘ரியாலஜி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அம்முச்சி வீட்டில் சந்தகை பிழிவதைப் பார்த்திருந்தால் போதும். வெந்த மாவைச் சூட்டோடு அச்சில் போட்டு அழுத்தும்போது முதலில் அசையவே அசையாது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் திடீரென்று எல்லாத் துளைகளிலும் இழை இழையாக இறங்கும். மாவை ஆறவிட்டுவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினாலும் பெரும்பாடுதான். பொருள் ஓடத் தொடங்குவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது பொருளையும் பொறுத்தது, துளையையும் பொறுத்தது என்று அச்சைப் பிடித்த கைக்கு நன்றாகத் தெரியும்.

மூடி வடிவமைப்பவரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருப்பதோ பிடிவாதக்காரப் பொருள். வேண்டும்போது ஒரு குழந்தையின் விரல் பலத்துக்கே அது வெளியே வர வேண்டும். போதும் என்றதும் வால் நீட்டாமல் நிற்க வேண்டும். மூடிய பிறகு காற்று உள்ளே போகக் கூடாது, மணம் வெளியே வரக் கூடாது. பைக்குள் போட்டு பஸ்ஸில் போனாலும் கசியக் கூடாது. இத்தனையும் ஒரு சின்ன மூடியின் பொறுப்பு.

முதலில் துளை. தேன், எண்ணெய் போன்றவற்றுக்கு ஒரு கணக்கு உண்டு: குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் வெளியே வரும் அளவு 16 மடங்காகும். இரண்டை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 16 வரும். தேன் பாட்டிலின் மூக்கைக் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டால் தட்டு நிறையத் தேன் கொட்டுவதற்கு இதுதான் காரணம். பேஸ்டுக்கு வேறு கணக்கு. அது அசையத் தொடங்க வேண்டிய அழுத்தம், துளை பாதியாகக் குறுகினால் இரண்டு மடங்காகும். துளைக்குப் போகும் கழுத்து இரண்டு மடங்கு நீண்டால் மறுபடி இரண்டு மடங்காகும். ஆகவே பற்பசை டியூபில் துளை அகலம், கழுத்து குட்டை. கண்ணுக்குப் போடும் களிம்பு டியூபை எடுத்துப் பார்த்தால் மூக்கு நீளமாக, கூர்மையாக, துளை மிகச் சின்னதாக இருக்கும். அங்கே கொஞ்சம்தான் வர வேண்டும், சரியான இடத்தில் விழ வேண்டும். அந்த மூக்குக்கு ஏற்றபடி களிம்பையும் இளக்கமாகச் செய்கிறார்கள்.

சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பேஸ்ட் பார்த்திருக்கிறீர்களா? லியோனார்ட் மராஃபினோ என்பவர் 1950களில் கண்டுபிடித்த உபாயம் அது. டியூபின் வாய்க்குள் ஒரு சிறு குழல் இறங்கியிருக்கும். வெள்ளைப் பேஸ்ட் குழலின் நடுவே வரும். குழலைச் சுற்றி நிரப்பியிருக்கும் வண்ணப் பேஸ்ட், பக்கவாட்டுச் சிறு துளைகள் வழியாக அதன் மேல் கோடாகப் படியும். இரண்டும் ஏன் கலந்துவிடுவதில்லை? பிங்காம் பொருள் குழாயில் போகும்போது சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் வலை அறுபடும். நடுப்பகுதி அறுபடாமல் ஒரே தண்டாக நகரும். கலப்பதற்கு வாய்ப்பே கிடையாது.

மூடிகளின் வரலாறு ஓவியர்களிடமிருந்து வருகிறது. டியூப் வருவதற்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வைத்திருந்தார்கள். ஓர் ஆணியால் குத்துவார்கள், வேண்டியதைப் பிதுக்குவார்கள், அதே ஆணியைச் செருகி அடைப்பார்கள். நம் ஊரில் மருதாணி கோனின் நுனியில் குண்டூசி செருகி வைப்பது இன்றைக்கும் நடக்கிறதே, அதே ஏற்பாடு. ஆணியைச் சுற்றிக் கசியும், வண்ணம் காயும், பை வெடிக்கும். லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் 1841-ல் தகரத்தால் செய்த, பிதுக்கினால் நசுங்கும் டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு ஓவியர்கள் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கே போய் வரைய முடிந்தது. பற்பசை அதற்குப் பிறகும் ஜாடியில்தான் விற்றது. வீட்டில் எல்லாரும் ஒரே ஜாடியில் பிரஷ்ஷைத் தோய்த்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் வாஷிங்டன் ஷெஃபீல்டு 1892-ல் அதை டியூபுக்குள் போட்டார். 1896-ல் கோல்கேட் நிறுவனமும் டியூபுக்கு மாறியது.

உலோக டியூபுக்கும் பிளாஸ்டிக் டியூபுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தோல் களிம்புகள் பல இன்னும் அலுமினிய டியூபில் வருகின்றன. அலுமினியத்தை நசுக்கினால் நசுங்கியபடியே இருக்கும். காற்று உள்ளே போகாது; காற்றோடு கிருமியும் போகாது. பிளாஸ்டிக் டியூபை நசுக்கி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பும்போது வாய்ப்பக்கம் இருக்கும் பேஸ்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் ஒரு நன்மை: வெளியே நீட்டிய வால் அறுந்துவிடும். ஒரு தீமையும் உண்டு: கூடவே காற்றும் உள்ளே போய், வாயில் இருக்கும் பேஸ்ட் காய்ந்து கட்டியாகிவிடும். இன்றைய பற்பசை டியூப்கள் பலவும் பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியத் தகடு, மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது 1982-ல் ஆரம்பித்த எஸ்ஸெல் பேக்கேஜிங் நிறுவனம். இப்போது இ.பி.எல். என்ற பெயரில் பல நாடுகளில் டியூப் செய்கிறது.

அலுமினிய டியூபின் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உச்சியில் ஒரு கூரான முனை இருக்கும். புது டியூபின் வாயை மெல்லிய தகடு அடைத்திருக்கும். மூடியைத் திருப்பி வைத்து அழுத்தினால் அந்த முனை தகட்டைச் சுத்தமாகக் குத்தித் திறக்கும். மூடியும் அதுவே, சாவியும் அதுவே. பல்லால் கடித்தோ கைக்குக் கிடைத்த ஊசியால் குத்தியோ திறக்காதீர்கள். மருந்துக்குள் அழுக்கு போகக் கூடாது என்றுதான் அந்த முனையை வைத்திருக்கிறார்கள்.

தக்காளி சாஸ் பாட்டிலின் மூடி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தலைகீழாக நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திறந்து உற்றுப் பாருங்கள். சிலவற்றில் துளைக்குள் ரப்பர் போல ஒரு வட்டம் தெரியும். நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கீறல். அது சிலிக்கோன். உட்பக்கமாகக் குழிந்திருக்கும். பாட்டிலை அமுக்கினால் குழி வெளிப்பக்கமாகப் புடைத்து, கீறல்கள் நான்கு இதழாக விரியும், சாஸ் வரும். கையை எடுத்தால் குழி உள்ளே திரும்பி இதழ்கள் மூடிக்கொள்ளும். திரும்பும்போதே சாஸின் வாலைக் கத்தரித்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அச்சு வார்ப்புப் பட்டறை வைத்திருந்த பால் பிரவுன் 1991-ல் உருவாக்கிய வால்வு இது. முதலில் ஷாம்பூ பாட்டிலுக்காகத்தான் செய்தார். பிறகு குழந்தைகள் சிந்தாமல் குடிக்கும் குவளைக்குப் போனது. 2002-ல் ஹெயின்ஸ் நிறுவனம் தலைகீழ் சாஸ் பாட்டிலைக் கொண்டுவந்தபோது அதன் வாயில் உட்கார்ந்தது.

சரி, இந்த மூடியைச் செய்வது எப்படி? அதற்குக் கோவையின் பீளமேட்டுக்கு வாருங்கள்.

அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் பட்டறைகளின் சத்தம் கேட்கும். பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து பழகிய ஊர் கோவை. பிறகு மோட்டார், பம்ப் என்று வளர்ந்தது. இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்த ஜி.டி. நாயுடு இந்த ஊர்க்காரர். சவரம் செய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி என்று வீட்டுச் சாமான்களையும் விடாமல் யோசித்தவர் அவர். பீளமேட்டிலேயே 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-ல் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் வந்தன. இரும்பில் மிக நுணுக்கமாக அச்சு வெட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் நிறைய. பிளாஸ்டிக் மூடிக்கு உயிர்நாடி அந்த அச்சுதான். பட்டறையில் ‘மோல்டு’ என்பார்கள்.

அப்படி ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். பம்ப் மோட்டாரின் விசிறிக் கவர் ஒரு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து மெஷினில் மூடி. மேலே கூம்புக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுகிறார்கள். பாலிபுரோப்பிலீன். இதை 1954-ல் இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ நாட்டா ஒழுங்கான அமைப்போடு உருவாக்கிக் காட்டினார். 1963-ல் கார்ல் ஸீக்லரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குருணை 200 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகி, திருகாணி போன்ற தண்டால் தள்ளப்பட்டு, மூடிய அச்சுக்குள் பாய்கிறது. அச்சுக்குள் ஓடும் தண்ணீர் அதைக் குளிரவைக்கிறது. சில விநாடிகளில் அச்சு இரண்டாகப் பிரிந்து, பொலபொலவென்று மூடிகள் கூடையில் விழுகின்றன.

மெஷினைப் பார்த்துக்கொண்ட அண்ணன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். இன்னும் சூடு இருந்தது. “மூடியப் பாத்தாலே அச்சு எப்படின்னு சொல்லிப் போடலாமுங்க. உச்சியில விரல வெச்சுப் பாருங்க” என்றார். நடுவில் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல் அது. மூடியைக் கவிழ்த்தால் உள்ளே வட்ட வட்டமாக மங்கலான தடங்கள்: அச்சிலிருந்து மூடியைத் தள்ளிவிட்ட ஊசிகளின் தடம். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘7’ என்று ஓர் எண். ஓர் அச்சில் பல குழிகள் இருக்கும்; ஒரே தள்ளலில் பல மூடிகள் வரும். நாளைக்கு ஒரு மூடி கசிகிறது என்று புகார் வந்தால், எண்ணைப் பார்த்து ஏழாவது குழியைச் சரிசெய்வார்கள். எல்லாக் குழிகளுக்கும் பிளாஸ்டிக் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி ஓடைகளை ஒரே நீளத்தில் வெட்ட வேண்டும் என்றும் அவர் சொன்னார். இல்லாவிட்டால் பக்கத்துக் குழி நிறைந்து பிதுங்கும்போது தூரத்துக் குழி அரைகுறையாக நிற்குமாம்.

பாலிபுரோப்பிலீன் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமீட்டர் அகல மூடி 0.6 மில்லிமீட்டர் குறைந்துபோகும். டியூபின் கழுத்தில் அது உட்காராது. அதனால் சுருங்கப்போகும் அளவைக் கணக்குப் போட்டு, அச்சை அவ்வளவு பெரிதாக வெட்டுகிறார்கள். எதிர்காலத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே இரும்பில் எழுதிவிடுகிற இந்த வேலையை நான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

மரை உள்ள மூடியில் இன்னொரு சிக்கல். மரைக்குள் மாட்டிக்கொண்ட அச்சை எப்படி வெளியே எடுப்பது? சில அச்சுகளில் உள்தண்டே சுழன்று கழன்று வெளியே வரும். செலவு அதிகம். சில அச்சுகளில், சூட்டில் இளகி இருக்கும்போதே மூடியை அப்படியே தள்ளிப் பிடுங்கிவிடுவார்கள். மரையின் விளிம்பு வட்டமாக மழுங்கி இருந்தால்தான் அது கிழியாமல் நழுவும். உங்கள் வீட்டு மூடிகளின் மரையை விரலால் தடவி, எது எந்த வகை என்று ஊகித்துப் பாருங்கள்.

தட்டித் திறக்கும் மூடியில் அடிப்பகுதியையும் மேல் தட்டையும் சேர்க்கும் கீல், தனியாக வைத்துப் பொருத்தியது கிடையாது. அதே பிளாஸ்டிக்கை அந்த ஓர் இடத்தில் மட்டும் மிக மெல்லிசாக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வார்த்திருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் ஒரு முறை மடக்கிவிட்டால் அங்குள்ள நீள மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசையாக நீண்டு நிற்கும். பிறகு ஆயிரக்கணக்கான தடவை மடக்கினாலும் அறாது. மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது உள்ளே இருக்கும் சின்ன வரம்பு இன்னொரு வரம்பைத் தாண்டி விழும் சத்தம். மூடி சரியாக மூடிவிட்டது என்று நம் காதுக்குச் சொல்வதற்காகவே வைத்தது. மேல் தட்டின் உட்பக்கம் ஒரு குட்டி ஆப்பு நீட்டிக்கொண்டிருக்கும். துளையைவிட மயிரிழை பெரிது. அது இறுக்கிக்கொண்டு உள்ளே போய் அமர்வதால்தான் காற்று புகுவதில்லை.

மூடியின் பக்கவாட்டில் வரிவரியாக இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. ஈரக் கை வழுக்காமல் பிடிக்க. மூடி அகலமாக இருப்பதற்கும் இரண்டு காரணம். ஒன்று, டியூப் தலைகீழாக நிற்கும், பேஸ்ட் வாய்ப்பக்கம் இறங்கியே இருக்கும். இரண்டு, விட்டம் இரண்டு மடங்கானால் அதே விரல் பலத்துக்குத் திருகும் விசை இரண்டு மடங்கு கிடைக்கும். மூட்டு வலியோடு மருந்து டியூபைத் திருகும் ஓர் ஆத்தாவின் விரல்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். பொடிசான திருகு மூடிகள் எனக்குப் பிடிப்பதில்லை. வாஷ் பேசினுக்குள் உருண்டு விழும். தவழும் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் அவர்கள் வாய்க்குள்ளும் போய்விடும், மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. டியூபோடு ஒட்டியே இருக்கும் கீல் மூடிதான் நல்ல மூடி என்பது என் தீர்ப்பு.

இன்னும் தீராத கணக்குகளும் இருக்கின்றன. எவ்வளவு பிதுக்கினாலும் டியூபின் தோளில் கொஞ்சம் பேஸ்ட் ஒட்டிக்கொண்டே இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் எந்திரப் பொறியியல் படித்த கிருபா வாரணாசி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்துகொண்டு, கெட்டிப் பொருள் எதுவும் ஒட்டாமல் வழுக்கி வரும் உட்பூச்சு ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கி 2012-ல் உலகத்துக்குக் காட்டினார். 2021-ல் அந்தப் பூச்சு போட்ட பற்பசைக் குப்பி ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. இன்னொரு கணக்கு குப்பையைப் பற்றியது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய டியூபைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். டியூபையும் மூடியையும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்தால் இரண்டையும் சேர்த்தே உருக்கலாம். அப்படிச் சில டியூப்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆனால் டியூபுக்கு ஏற்ற பாலிஎத்திலீன், கீல் மடிப்பில் பாலிபுரோப்பிலீன் அளவுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. இதைத் தீர்க்கப்போவது இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

கோவையில் இருப்பவர்கள் பீளமேடு கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். வீட்டிலேயே செய்ய ஒரு வேலையும் தருகிறேன். “தீர்ந்துவிட்டது” என்று குப்பைக்குப் போகும் பேஸ்ட் டியூபை எடுத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். பிறகு அதை நடுவில் வெட்டி, உள்ளே இருப்பதை வழித்துக் கழுவித் துடைத்து மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் மிச்சம் இருந்த பேஸ்ட். தட்டித் திறக்கும் அகல மூடி டியூப், சின்னத் திருகு மூடி டியூப் இரண்டிலும் செய்து, எதில் அதிகம் மிஞ்சியது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். மருந்து டியூபிலும் பசை டியூபிலும் இந்தச் சோதனை வேண்டாம்.